கீழே கிடந்த எலும்பு எந்த விலங்குடையது? பெங்களூரில் கண்டுபிடிக்கும் முறை

பெங்களூரில் ஏரிக்கரையிலோ பார்க்கிலோ மொட்டை மாடியிலோ ஓர் எலும்பு கண்ணில் பட்டால், சிறுத்தையையும் நரியையும் நினைப்பதற்கு முன்னால் கறிக்கடையை நினையுங்கள். ஆடு, கோழி, மாடு, பன்றி, மீன் இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் ஆராய வேண்டிய எலும்பு. குப்பையிலிருந்து நாய் இழுத்து வரும். பருந்தும் காகமும் தூக்கி வந்து மாடியில் போடும். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் கறிக்கடைகளுக்கு மேலே வட்டமிடும் கரும்பருந்துகள் பல தெரு தள்ளியும் எலும்பைக் கொண்டுபோய்ப் போட்டுவிடும். ஏரியைத் தூர்வாரினால் என்றோ செத்த எருமையின் எலும்பு சேற்றோடு மேலே வரும்.

அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். நல்ல வளர்ந்த தெருநாயின் தொடை எலும்பும் வெள்ளாட்டின் தொடை எலும்பும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். விலங்கைக் காட்டிக் கொடுப்பவை மூட்டு முனைகளும் பற்களும். முனை இரண்டும் போன வெறும் தண்டு கிடைத்தால், அதிலிருந்து பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அதே இடத்தில் இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று சுற்றி இரண்டு மூன்று அடிக்குத் தேடுவது நல்லது.

தொடுவதற்கு முன்

சதை, தோல், நாற்றம் இருந்தால் விட்டுவிடுங்கள். புதிதாகச் செத்த நாயிலிருந்து வெறிநோய்க் கிருமி கீறல் வழியாக உள்ளே போகலாம். கீறிவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆடோ மாடோ திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் கறுத்த ரத்தம் வடிந்து கிடந்தால் கிட்டவே போக வேண்டாம். அடைப்பான் நோயாக இருக்கலாம். அதன் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். நன்றாகக் காய்ந்த எலும்பையும் கையுறை போட்டே எடுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

சட்டமும் இதில் உண்டு. பன்னேர்கட்டா, துரஹள்ளி, சாவனதுர்கா மாதிரி காட்டுப் பகுதியில் கிடைக்கும் எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கின் எலும்பு, கொம்பு, பல், நகம் எல்லாமே அரசின் சொத்து. தானாக உதிர்ந்த மான் கொம்பும் அதில் அடக்கம். அப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்காக இருந்தால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. அடையாளம் காண எலும்பு கையில் இருந்தாக வேண்டும் என்பதே இல்லை. ஒழுங்காக எடுத்த படம் போதும்.

முதலில், எலும்புதானா?

உடைந்த முனையைப் பாருங்கள். எலும்பென்றால் வெளியே கெட்டியான சுவர், உள்ளே தேன்கூடு போலத் துளைத்துளையாகப் பஞ்செலும்பு, அல்லது நடுவில் வெற்றுக் குழாய். மேற்பரப்பில் ரத்தக்குழாய் நுழைந்த ஒரு சின்னத் துளை எங்காவது இருக்கும். வேரில் இது கிடையாது, நாரும் ஆண்டு வளையமும்தான் தெரியும். பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் சூடான ஊசியை ஓரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உருகும். எலும்பு உருகாது, முடி கருகும் வாடை மட்டும் லேசாக வரும்.

பார்க்கில் அடிக்கடி ஏமாற்றுவது பெட் ஷாப்பில் நாய்க்கு விற்கும் எலும்பு. இரண்டு பக்கமும் ரம்பத்தால் நேராக அறுத்த, வெளுத்த மாட்டுத் தொடை எலும்புத் துண்டு அது. முடிச்சுப் போட்டது மாதிரி இருப்பது எலும்பே இல்லை, பதப்படுத்திய தோல். தண்ணீரில் போட்டால் ஊறி உப்பும்.

எந்த வகை உயிர்?

பறவை எலும்பைக் கையில் எடுத்ததும் எடையிலேயே தெரிந்துவிடும். சுவர் மெல்லியது, உள்ளே காலி. கோழிக்கால் சாப்பிட்டவர்களுக்கு, தொடைக்குக் கீழே இருக்கும் நீண்ட எலும்போடு ஊசி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய எலும்பு நினைவிருக்கும். அது இருந்தால் பறவையின் கால், வேறு யோசனை வேண்டாம். பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்திலேயே வெட்டப்படுவதால் அதன் எலும்பு முனைகள் முற்றியிருக்காது. குருத்தெலும்பு போனபின் முனை சொரசொரவென்று, துளை துளையாக நிற்கும். மொட்டை மாடியில் கிடக்கும் எலும்பு இப்படி இருந்தால் பிராய்லர்தான். முனை வழவழப்பாக, முழு உருவத்தோடு இருந்தால் நாட்டுக்கோழியாக இருக்கலாம், அல்லது வேறு பறவை.

கோழியா, பறக்கும் பறவையா என்று பிரிக்க இறக்கையையும் காலையும் ஒப்பிடுங்கள். கோழிக்குக் கால் எலும்பு பெரிது. பருந்து, காகம் போன்றவற்றில் இறக்கை எலும்பு நீளம். பருந்தின் முன்கை எலும்பில், பெரிய சிறகுகள் பதிந்திருந்த இடங்கள் வரிசையாகச் சிறு புடைப்புகளாகத் தெரியும்.

மீனின் முதுகெலும்புக் கணு இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். குழிக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் ஓடும். பாம்பின் கணுவோ முன்பக்கம் குழி, பின்பக்கம் உருண்டை. ஒன்று மற்றொன்றில் போய் மாட்டிக்கொள்ளும். ஏரிக்கரையில் தட்டையாக, கெட்டியாக, மேலெல்லாம் மணல் ஒட்டியது போன்ற சொரசொரப்போடு ஒரு மண்டை கிடைத்தால் முதலை, உடும்பு என்று பதற வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் தலைக்கவசம் அப்படித்தான் இருக்கும், நகரத்து ஏரிகளில் அந்த மீன் நிறையவே பரவிவிட்டது. ஆமை ஓட்டின் துண்டு தட்டையான சில்லு; அதன் ஓரம் பல் பல்லாக இருக்கும், பக்கத்துச் சில்லோடு கோத்துக்கொள்வதற்கு. உள்பக்கத்தில் விலா எலும்பு ஓட்டோடு ஒன்றாகிப் போயிருக்கும்.

மற்றவை பாலூட்டி. வேலை அதிகம் அங்கேதான்.

பாயா எலும்பு

ஆட்டுக்கால் பாயாவில் குளம்புக்கு மேலே வரும் அந்த நேரான எலும்பை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கிடைக்கும் எலும்புகளில் எளிதில் அடையாளம் தெரிவது இதுதான், முழுதாகக் கிடைப்பதும் இதுதான். கெட்டியானது, சதை கிடையாது, அதனால் நாயும் ஓரளவு கடித்துவிட்டுப் போட்டுவிடும்.

ஆடு, மாடு, எருமை, மான் எல்லாவற்றிலும் இது இரண்டு எலும்புகள் சேர்ந்து ஒன்றானது. சேர்ந்த இடம் முன்பக்கம் நெடுகப் பள்ளமாகத் தெரியும். கீழ் முனையில், பிளந்த குளம்பின் இரண்டு விரலுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு உருளைகள். குதிரையில் ஒரே ஓர் உருளைதான், பக்கத்தில் இரண்டு மெல்லிய எலும்புகள் ஒட்டியிருக்கும். பன்றியிலும் நாயிலும் பூனையிலும் இந்த எலும்புகள் சேர்வதே இல்லை, குட்டையாகத் தனித்தனியே நிற்கும்.

நீளம்: ஆடு, செம்மறியில் பொதுவாக 10 முதல் 15 செ.மீ., வளர்ந்த மாட்டில் 18 முதல் 25 செ.மீ. முன்காலா பின்காலா என்பதற்கு நடுத்தண்டின் குறுக்கு வெட்டைப் பாருங்கள். முன்காலில் அது பின்பக்கம் தட்டையாக அரைவட்டம் போல இருக்கும். பின்காலில் ஏறத்தாழச் சதுரம்.

மானையும் ஆட்டையும் பிரிப்பது பின்கால் எலும்பின் முன்பள்ளம். பன்னேர்கட்டா பக்கம் புள்ளிமான் உண்டு, அதனால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். மானில் பள்ளம் ஆழமாக ஓடிவந்து, கீழ் உருளைகளுக்குச் சற்று மேலே ஒரு சிறு எலும்புப் பாலத்தால் மூடப்படும். ஆட்டிலும் மாட்டிலும் பாலம் கிடையாது, பள்ளம் திறந்தே கீழே இறங்கும். விரல் நகத்தால் பள்ளத்தில் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். மானில் நகம் பாலத்தில் தடுக்கும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கறிக்கு வெட்டும் ஆடு பெரும்பாலும் இளசு. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் இந்தக் கீழ் உருளைகள் தண்டோடு ஒட்டுவதற்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் வெட்டிய ஆட்டின் எலும்பு மண்ணில் கிடந்தால் உருளைகள் கழன்று காணாமல் போய்விடும். மிஞ்சும் முனை மேடும் பள்ளமுமாக அலையலையாக இருக்கும். அதை உடைப்பு என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். உடைந்த எலும்பின் ஓரம் கூராக இருக்கும், கழன்ற முனையின் ஓரம் மழுங்கி, ஒழுங்காக இருக்கும். இது வயதுக்கான அடையாளம், பத்திரமாகக் குறித்து வையுங்கள்.

ஆடா செம்மறியா என்று கேட்காதவர் இல்லை. பாயா எலும்பு வெள்ளாட்டில் குட்டை, தடிமன். செம்மறியில் நீளம், மெலிவு. பொதுவாக உண்மை, ஆனால் ஒரே ஓர் எலும்பை வைத்துச் சொல்வது சூதாட்டம். கொம்பின் உள்ளெலும்போ மண்டையோ இல்லாவிட்டால் அகழாய்வு வல்லுநர்களே ‘ஆடு அல்லது செம்மறி’ என்று எழுதிவிட்டு நகர்வார்கள். நீங்களும் அப்படியே எழுதலாம்.

கணுக்கால் பக்கம் கிடைக்கும் சின்னக் கட்டை எலும்பு ஒன்றும் உதவும். பிளவுக்குளம்பு விலங்குகளில் அதன் இரண்டு முனையிலும் பள்ளம் விழுந்த உருளை இருக்கும். ஆட்டில் சுமார் 3 செ.மீ., மாட்டில் 6 செ.மீ.க்கு மேல். நாயில் ஒரு பக்கம்தான் உருளை, மறுபக்கம் உருண்டைத் தலை.

நாயும் பூனையும்: முழங்கைக்கு மேலே ஒரு துளை

நகரத்தில் கறிக்கடைக்கு அடுத்தபடி கிடைப்பவை நாய், பூனை எலும்புகள். முன்னங்காலின் மேல் எலும்பை, அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருப்பதை எடுங்கள். கீழ் முனையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்.

நாயில் உருளைக்கு நேர் மேலே, நடுவில், முன்னும் பின்னும் ஊடுருவும் ஓர் ஓட்டை தெரியும். பூனையில் நடுவில் ஓட்டை இல்லை. உள்பக்க ஓரத்தில் சாய்வாக ஒரு நீளத்துளை, மேலே மெல்லிய எலும்புப் பட்டை. மரநாயிலும் அப்படித்தான். சிறுத்தையிலும் அதே துளை, அளவுதான் பெரிது. ஆட்டில் இரண்டுமே இல்லை. பன்றியில் நடு ஓட்டை இருக்கலாம், ஆனால் அந்த எலும்பு நாயினுடையதைவிட மிகத் தடிமன்.

இன்னொரு சோதனை: முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் நாய், பூனைக்கு இரண்டு எலும்புகளும் தனித்தனியாக, முழு நீளத்துக்கு இருக்கும். ஆட்டில், மாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும்.

சுமார் 8, 10 செ.மீ. நீளத்தில், லேசாக வளைந்து, கீழ்ப்பக்கம் முழுக்க வாய்க்கால் மாதிரி பள்ளம் ஓடும் எலும்பு கிடைத்தால் எதோடும் பொருந்தாமல் குழப்பும். அது ஆண் நாயின் குறி எலும்பு. எந்த மூட்டிலும் சேராதது, அதனால்தான் இரண்டு முனையிலும் மூட்டுப் பரப்பே இருக்காது.

மண்டை ஓடு, பல்

தாடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆடு, மாடு, மான் எதற்கும் மேல் முன்பல் கிடையாது. கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் பிறை வடிவ மேடுகள் இருக்கும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. ஆடு, மாட்டுக்கு மொத்தம் 32.

நாய்க்கு 42 பல். பூனைக்கு 30, முகம் குட்டை. இரண்டுக்கும் கடைவாயில் கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும் ஒரு பெரிய பல் தனியாக நிற்கும். பன்றிக்கு 44, கடைவாய்ப் பற்கள் மேலெல்லாம் சின்னச் சின்ன மொட்டுகள், அது மனிதப் பல்லோடு குழப்பும். தனிப் பல் ஒன்றைக் கண்டு பயந்து வருபவர்கள் கையில் இருப்பது பல முறை பன்றிப் பல்தான். நீளத்தைப் பாருங்கள், பன்றியின் கடைசிக் கடைவாய்ப் பல் மனிதப் பல்லைவிட மிக நீளம்.

எலி, பெருச்சாளி, அணிலுக்கு முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வளைந்த உளிப்பல், முன்பக்கம் ஆரஞ்சு நிறம், பின்னால் வெற்றிடம். முயலுக்கு மேலே பெரிய முன்பற்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குட்டிப் பற்கள் ஒளிந்திருக்கும். மூஞ்சூறின் மண்டை நீளம், பற்கள் கூர், வெள்ளை, கன்ன எலும்பு வளைவே கிடையாது.

அபார்ட்மென்ட் டக்ட்டில் கூகை தங்கியிருந்தால், அதற்குக் கீழே 4, 5 செ.மீ. நீளத்தில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். செரிக்காத முடியும் எலும்பும் சேர்ந்து அது கக்கியவை. மாஸ்க் போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சாமணத்தால் பிரியுங்கள். எலி, மூஞ்சூறு மண்டைகள் உடையாமல் முழுதாகக் கிடைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. குழந்தைகளுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

கண் குழியும் பேசும். ஆடு, மாடு, மானில் குழியைச் சுற்றி எலும்பு வளையம் முழுதாக மூடியிருக்கும், கண்கள் பக்கவாட்டில். நாய், பன்றியில் பின்பக்கம் திறந்திருக்கும். குரங்கில் குழிகள் இரண்டும் நேரே முன்னால் பார்க்கும், பின்சுவரும் அடைத்திருக்கும்.

கொம்பென்றால், மாடு, ஆட்டின் கொம்பு உள்ளே பஞ்செலும்பும் மேலே கழன்று வரும் உறையும். மான் கொம்பு முழுக்க எலும்புதான், உறை கிடையாது. எருமைக் கொம்பின் உள்ளெலும்பு தட்டை, குறுக்கு வெட்டில் முக்கோணம். மாட்டினுடையது உருண்டை.

வெட்டு, கடி, வெயில்

ரம்பம் அறுத்த முகம் தட்டை, இணை இணையாக நுண்கோடுகள். கத்தி வெட்டில் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நொறுங்கல். இரண்டில் எது இருந்தாலும் கறிக்கடை. நாய் கடித்தால் முனைகள் போய்விடும், தண்டில் குழிகளும் இழுத்த கோடுகளும் நிற்கும். எலி கொறித்தால் ஓரத்தில் இரட்டை இரட்டையாக ஒழுங்கான கீறல்கள். அதே மாதிரி, ஆனால் அகலமான கீறல் காட்டோரத்தில் இருந்தால் முள்ளம்பன்றி. இந்தக் கீறல்களைக் கத்தி அடையாளம் என்று நினைத்துப் புகார் வரை போவதுண்டு.

நிறத்தை வைத்து எத்தனை வருட எலும்பு என்று கணிக்காதீர்கள். வெயிலில் கிடந்தால் வெளுத்து, நீளவாக்கில் வெடிக்கும். செம்மண்ணில் பழுப்பாகும், ஏரிச் சேற்றில் கறுப்பாகும். நெருப்பு பட்டால் முதலில் பழுப்பு, பிறகு கறுப்பு, சாம்பல், கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை.

மனித எலும்போ என்று தோன்றினால்

தொடை எலும்பு 40 செ.மீ.க்கு மேல் நீளம், மேலே நீண்ட கழுத்தில் உருண்டைத் தலை, உருண்டையான மண்டைக் கூடு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அசைக்காமல் அப்படியே விட்டு 112-ஐ அழையுங்கள். சிறிய எலும்பு மனித எலும்பு மாதிரியே இருந்து, முனைகளும் முழுதாக ஒட்டியிருந்தால் அது குரங்காக இருக்கலாம். முனைகள் ஒட்டாமல் இருந்தால் குழந்தையினுடையதாகவும் இருக்கலாம், அதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். ராமநகரம், பன்னேர்கட்டா பக்கம் தேன்கரடி உண்டு. நகம் போன கரடிப் பாதம் மனிதக் கை காலை அப்படியே ஒத்திருக்கும். மனிதனோ கரடியோ, இரண்டுமே நீங்கள் தொடக்கூடாதவை.

படம் எடுப்பது

முன், பின், இடம், வலம், இரண்டு முனைகள்: ஆறு படம். எலும்பின் அதே மட்டத்தில் ஸ்கேல் வையுங்கள். இல்லையென்றால் 10 ரூபாய் நாணயம், விட்டம் 27 மி.மீ. போனைக் கிட்டே கொண்டுபோனால் நடு உப்பித் தெரியும். இரண்டடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். மூட்டு முனைக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சம் வேண்டும், பிளாஷ் பள்ளத்தையெல்லாம் அழித்துவிடும். அது கிடந்த இடத்தின் படமும் ஒன்று வேண்டும்.

ஒப்பிட ஒரு பெட்டி

படத்தைவிட நிஜ எலும்புதான் கண்ணைப் பழக்கும். கறிக்கடையில் ஆட்டின் ஒரு முன்கால், ஒரு பின்கால், தலையில் பாதி, ஒரு முழுக்கோழி, ஒரு பெரிய கட்லா மீன் வாங்குங்கள். வெட்டும்போது மூட்டில் பிரித்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவில் கத்தி இறங்கிவிடும். குக்கரில் வைக்காதீர்கள், எலும்பு பொடியாகும். மூடாத பாத்திரத்தில், கொதி வராத சூட்டில், சதை கழலும் வரை வையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றினால் சில வாரத்தில் கொழுப்பு இறங்கும். இதை விட்டுவிட்டால் எலும்பு மஞ்சளாகி நாறும். வெளுக்க மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் போதும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், எலும்பை அரித்துவிடும்.

நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் விலங்கு, எலும்பு, இடமா வலமா, வாங்கிய தேதி எழுதி வையுங்கள். பேனா மை எலும்பில் பரவிப் படிக்க முடியாமல் போகும்.